நுரை வந்ததும் இறக்கவும்

சமையல் குறிப்பு எழுதுகிறவனுக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நான் இதைச் சிறையிலிருந்துதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

பசுமலையில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் நான். அங்கே பசுமை மன்றம் என்று ஒன்று உண்டு. பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்ட அன்று நான் விடுப்பில் இருந்தேன். அந்த ஒரு தகுதியின் பேரில் பொறுப்பு எனக்கு வந்தது. பொறுப்பு வந்ததும், வழக்கம்போல, கருத்துகளும் வந்துவிட்டன. ஆசிரியர்களுக்கென்று வந்துகொண்டிருந்த ஒரு சிறு மாத இதழில் ‘மணி அடிக்கும் முன்னே’ என்று பத்தி எழுத ஆரம்பித்தேன். வேலைக்கு ஓடும் ஆசிரியர்களுக்குப் பருவத்துக்கேற்ற சமையல், பூமியைக் கெடுக்காத வீட்டுக் குறிப்புகள். சித்திரையில் வெள்ளரிக்காய்ப் பச்சடி, ஐப்பசி மழைக்குத் தூதுவளை ரசம், தர்பூசணி சாப்பிட்டால் தோலில் கூட்டு, பாத்திரம் விளக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். இப்படிப் போகும்.

இதெல்லாம் என் மனைவி செல்வி செய்வது. அவளும் ஆசிரியைதான். வில்லாபுரத்தில் வீடு, ஒத்தக்கடையில் பள்ளி, நடுவில் இரண்டு பஸ். விடிவதற்கு முன் அவள் அடுப்படியில் ஓடுவதை, நான் காப்பி டம்ளருடன் நிலைப்படியில் சாய்ந்து நின்று கவனிப்பேன். (கவனித்தல்தான் அறிவியலின் முதல் படி. இரண்டாவது படி என்று ஒன்று இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) கவனித்ததை ‘என் அனுபவத்தில்’ என்று தொடங்கி எழுதி அனுப்பிவிடுவேன். ஒருநாள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர், “சார் வீட்டு அக்கா குடுத்து வச்சவங்க” என்று கண் கலங்கச் சொன்னார். அதை அப்படியே செல்வியிடம் வந்து சொன்னேன். அவள் மிக்ஸியை நிறுத்தவில்லை.

இதழின் எடிட்டர் கமாலுதீன் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தெற்கு வெளி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வெள்ளைத் தாடி, வெள்ளைச் சட்டை, பிழை திருத்தும் சிவப்புப் பேனா. கோடை விடுமுறை தொடங்கும் சமயம் அவரிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, உங்க பத்தியைப் புத்தகமாப் போடலாம்னு இருக்கேன்.”

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை என் பெயர் அட்டையில் அச்சான ஒரே வெளியீடு எங்கள் வீட்டு ரேஷன் கார்டுதான். புத்தகம் போடுவது என் கல்லூரிக் காலத்துக் கனவு. (கவிதைப் புத்தகமாகக் கனவு கண்டிருந்தேன். கூட்டு, பச்சடி என்று மாறியதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.) உடனே “சரிங்க சார்” என்றேன்.

“ஒரே ஒரு கண்டிசன். சமையல் புத்தகத்தைச் சாப்பிட்டுப் பாக்காம பிரஸ்சுக்கு அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை மத்தியானம் நானும் ஜமீலாவும் வாரோம். உங்க பத்தியில இருக்குறதை மட்டும் செய்ங்க. நல்லா இருந்தா அன்னைக்கே பேசி முடிச்சிருவோம். போட்டோவும் எடுத்துக்கிறேன்.”

செல்வியிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

“சனிக்கிழமை எனக்குப் பேப்பர் திருத்துற கேம்ப் இருக்குங்க.”

“காலையிலயே செஞ்சு வச்சிட்டுப் போயிரேன்.”

“புத்தகத்துல யாரு பேரு வருது?”

“நம்ம பேருதான்.”

“நம்ம பேருன்னா?”

“என் பேரு.”

“அப்ப நம்ம சமையலையும் நீங்களே செஞ்சிருங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பையனிடம் கணக்கை நீயே போட்டுப் பார் என்று சொல்லும் அதே குரல். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எழுதத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாதா?

வெள்ளிக்கிழமை மாலையே வேலையைத் தொடங்கினேன். போட்டோ எடுப்பார்களே என்று முதலில் பிரிட்ஜை ஒழுங்குபடுத்தினேன். இங்கே என்னுடைய இரண்டு குறிப்புகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று: ஞாயிற்றுக்கிழமையே புளியைக் கரைத்து, கொதிக்க வைத்து, பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைத்துவிட்டால் வாரம் முழுக்கக் கவலை இல்லை. இரண்டு: பூந்திக்கொட்டையை வேகவைத்து வடித்த தண்ணீர் மதுரை வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுப்போகும், அதையும் பாட்டிலில் ஊற்றி பிரிட்ஜில் வைக்கவும். இரண்டுக்கும் பொதுவாக, பழைய கண்ணாடி பாட்டில்களை எறியாதீர்கள், ஒரே மாதிரி பாட்டில்களாகச் சேர்த்து வைத்தால் பார்வைக்கு அழகு என்றும் எழுதியிருந்தேன். செல்வி அதன்படியே வைத்திருந்தாள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பாட்டில்கள். இரண்டிலும் ஒரே பழுப்பு நிறம். ஒன்றின் கழுத்தில் மட்டும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு.

போட்டோவில் அந்த ரப்பர் பேண்டு கண்ணை உறுத்தும் என்று தோன்றியது. கழற்றிவிட்டு, பாட்டில்களைத் துடைத்து, ஒரே வரிசையில் அடுக்கினேன். பிரிட்ஜ் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

சனிக்கிழமை காலை செல்வி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, ரப்பர் பேண்டு போட்ட பாட்டிலை மட்டும் தொட்றாதீங்க.”

“ம்.”

“என்ன சொன்னேன்?”

“தொடக் கூடாது.”

“எதை?”

“ரப்பர் பேண்டை.”

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். திரும்பி உள்ளே வந்திருப்பாள். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. ஓடிவிட்டாள்.

என் பத்திகளைக் கத்தரித்து அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு சமைக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, என் எழுத்தில் அளவு என்பதே கிடையாது. எல்லாமே ‘தேவையான அளவு’. எம்புட்டுத் தேவை என்று எழுதியவனைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் தர்பூசணித் தோல் கூட்டு, முருங்கைக்காய் சாம்பார், மாங்காய்ப் பச்சடி எல்லாம் ஏதோ ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. பாக்கி ரசம்தான்.

பிரிட்ஜைத் திறந்தேன். இரண்டு பாட்டில்கள். புளி எது?

செல்வியைக் கேட்கலாமென்றால் விடைத்தாள் திருத்தும் இடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். முகர்ந்து பார்த்தேன். இரண்டிலும் பிரிட்ஜ் வாசனை. வாயில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். விருந்தாளி சாப்பிடும் முன் சமைக்கிறவர் ருசி பார்த்தால் எச்சில் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனவே அறிவியலை நம்பினேன். ரசத்துக்கு நுரை முக்கியம். ‘நுரை வந்ததும் இறக்கவும், கொதித்தால் கெட்டது’ என்று என் பத்தியிலேயே இருக்கிறது. ஆகவே எந்தப் பாட்டில் அதிகம் நுரைக்கிறதோ அதுவே ரசத்துக்கானது. இரண்டையும் குலுக்கினேன். ஒன்று சோம்பலாக நாலு குமிழ் விட்டது. இன்னொன்று பொங்கிக்கொண்டு கழுத்துவரை வந்தது. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருப்பதாக அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சமும் படவில்லை.

அடுப்பில் வைத்த ரசம் நுரைத்தது. இதுவரை எந்த வீட்டு ரசமும் இப்படி நுரைத்திருக்காது. இறக்கினேன், அடங்கவில்லை. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினேன், அதையும் நிறைத்தது. தாளித்துக் கொட்டியதில் ஒரு கறிவேப்பிலை நுரையின் உச்சியில் கொடி நட்டதுபோல் நின்றது. முதல் முயற்சியிலேயே இப்படி வருகிறதே, செல்விக்குக்கூட வந்ததில்லையே என்று பெருமையாக இருந்தது.

கமாலுதீன் சாரும் அவர் மனைவி ஜமீலா அக்காவும் வந்தார்கள். சார் பிரிட்ஜைப் போட்டோ எடுத்தார். இலை போட்டேன்.

“இந்தக் கூட்டு என்ன காய் தம்பி?” என்றார் அக்கா.

“தர்பூசணித் தோலுங்க.”

“நம்ம தெருவுல ஆடு திங்குமே, அதுவா?”

“அதேதாங்க.”

இன்னொரு வாய் சாப்பிட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆட்டுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல.”

எடிட்டர் மலர்ந்துவிட்டார். “தம்பி, அட்டையை யோசிச்சிட்டேன். கையில கரண்டியோட நீங்க நிக்கிறீங்க. மேல உங்க பேரு, பெரிய எழுத்துல.”

கரண்டி பிடித்த என் படத்தை மனக்கண்ணில் பார்த்தபடியே ரசத்தைக் கொண்டுவந்தேன். அவர் சோற்றில் ஊற்ற வேண்டாம் என்று டம்ளரை நீட்டினார். “ரசத்தைக் குடிச்சாத்தான் கைப்பக்குவம் தெரியும். என்ன தம்பி, ஆத்துன காப்பி மாதிரி இம்புட்டு நுரை?”

“அதுதான் சார் ரகசியமே. நுரை வந்ததும் இறக்கிறணும்.”

ஒரே மூச்சில் பாதி டம்ளரை வாயில் சரித்தார்.

முதலில் அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புருவங்கள் மெல்ல மேலே போய், அங்கேயே நின்றன. கன்னம் இரண்டும் உப்பின. விழுங்குவதா, துப்புவதா? ஒரு தலைமையாசிரியரின் வாழ்நாள் நாகரிகம் வாய்க்குள் போராடிக்கொண்டிருந்தது.

“ஏங்க,” என்றார் அக்கா மெதுவாக, “உங்க வாயில என்னமோ வருது.”

அவருடைய உதட்டோரத்தில் ஒரு குமிழ் தோன்றி, வளர்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஏழு நிறமும் காட்டியது. சோப்புக் குமிழில் நிறம் தெரிவது எதனால் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். இவ்வளவு தெளிவான உதாரணத்தை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

“தம்பி…” என்றார். சொல்லோடு சேர்ந்து இன்னும் இரண்டு குமிழ்கள் வந்தன. எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினார். கொப்பளிக்கக் கொப்பளிக்க நுரை கூடியது. தண்ணீர் சேர்ந்தால் அது கூடத்தான் செய்யும். இதை அவரிடம் விளக்க நான் முற்படவில்லை. தாடி வெள்ளையாக இருந்ததால் எது தாடி எது நுரை என்று எனக்கே தெரியவில்லை.

“ரப்பே! என்னத்த தம்பி குடுத்தீங்க?” அக்கா டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ரசத்தைத் தொட்டியில் கொட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல்:

“ஏங்க, கொப்பளிச்சது போதும், இங்க வந்து பாருங்க. டம்ளரு பாத்திரக் கடையில இப்பத்தான் எடுத்த மாதிரி மின்னுது.” டம்ளரோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார். “இம்புட்டு அருமையா வெளக்குற தண்ணியை எதுக்குத் தம்பி குடிக்கக் குடுத்தீங்க?”

அரை நாள் வேலை முடிந்து செல்வி வீட்டுக்குள் நுழைந்தபோது, எடிட்டர் சோபாவில் சாய்ந்து மூன்றாவது டம்ளர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் தொட்டியைப் பார்த்தாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். “ரப்பர் பேண்டு எங்கங்க?” என்றாள்.

என் மணிக்கட்டில், கடிகாரத்தை ஒட்டி, சிவப்பாக இருந்தது.

செல்வி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ரசம் வந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக நுரை கட்டிய, மனிதர் குடிக்கும் ரசம். எடிட்டர் டம்ளரை ஒரு அடி தள்ளி வைத்தார். “எனக்கு வேணாம்மா. உள்ள ஏற்கெனவே எல்லாம் சுத்தமா இருக்கு.” ஜமீலா அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, “பயப்படாதீங்க, திங்கிற பொருள்தான்” என்று உத்தரவாதம் கொடுத்த பிறகு எடிட்டர் குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஒவ்வொரு பத்தியிலயும் ‘என் அனுபவத்தில்’னு ஆரம்பிக்கிறீங்களே. அது யாரு அனுபவம்?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். செல்விதான் காப்பாற்றினாள்.

“அவரு அனுபவந்தான் சார். சாப்பிட்ட அனுபவம்.”

“அப்ப புத்தகத்துல உங்க பேரைத்தானம்மா போடணும்?”

“எனக்கு எழுத எங்க சார் நேரம்?”

“நேரம் இல்லாதவங்களுக்குத்தான இந்தப் புத்தகமே,” என்றார் அக்கா. “எழுதுறதுக்கு வீட்டுலயே ஒரு ஆளு இருக்காருல்ல. சொல்லுங்க, எழுதட்டும். என்ன தம்பி?”

ரப்பர் பேண்டைக் கழற்றிச் செல்வியிடம் கொடுத்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புத்தகம் வந்தது. அட்டையில் செல்வி பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. கரண்டி பிடிக்கிற மாதிரி படமெல்லாம் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தோளில் பையோடு பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணின் படம் ஒன்றை வரைந்து போட்டார்கள். இந்த முறை அளவுகள் எல்லாம் உண்டு. அவள் இத்தனை கரண்டி என்று சொல்ல, நான் எழுதினேன். ‘தேவையான அளவு’ என்று நான் பழக்கதோஷத்தில் எழுதிய இடங்களையெல்லாம் சிவப்புப் பேனா தேடிப்பிடித்து அடித்துவிட்டது. ரசம் பற்றிய பக்கத்தில் மட்டும் ஒரு கட்டம் கட்டி, ‘பூந்திக்கொட்டைத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் அடையாளம் கட்டவும். கட்டியதை யாரும் கழற்ற வேண்டாம்’ என்று போட்டு, அடியில் என் பெயரை அச்சிட்டிருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ‘அனுபவத்தில் கண்டவர்’ என்று எடிட்டர் சேர்த்திருக்கிறார். புத்தகத்தில் என் சொந்த அனுபவம் அது ஒன்றுதான். யாரைப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டுகிறார்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பெருநாளுக்கும் கமாலுதீன் சார் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பிரியாணி வரும். கூடவே ஒரு காலி பாட்டிலும் வரும், கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்டோடு. அடிப்பிடித்த பிரியாணி தேக்சா அந்தத் தண்ணீருக்குத்தான் அசைகிறதாம். கொண்டுவருகிறவர் வாசலில் நின்றே குரல் கொடுப்பார்: “அம்மா ரசம் கேட்டாங்க!”

செல்வி அடுப்படியிலிருந்து என்னைக் கேட்பாள்: “ஏங்க, உங்க ரசம் ஒரு பாட்டில் ஊத்திக் குடுக்கவா?”

“தேவையான அளவு குடு” என்பேன், பிரியாணியைத் திறந்துகொண்டே.