கேள்விகள் உண்டா?

கூரைக்கு மேல் விமானம் உறுமிக்கொண்டு போனதும், ரிஸ்வான் துறைத் தலைவருக்குப் போன் போட்டு, சென்னைப் பேராசிரியர் இறங்கிவிட்டார் என்று சொல்லிவிட்டான். அவன் குடியிருக்கும் பத்துபஸ்திப் பேட்டைக்காரர்களுக்கு இந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால், காதாலேயே விமானத்தை இறக்கிவிடுவார்கள்.

துறைத் தலைவர் தேவேந்திரன் பொன்னாடையோடு போய்க் காத்து நின்றார். விமானமோ மேகத்துக்குள் சுற்றிப் பார்த்துவிட்டு, தரை தெரியவில்லை என்று சென்னைக்கே திரும்பியிருந்தது.

கல்லூரியில் கணிதம், புள்ளியியல் துறையின் புதன்கிழமைக் கருத்தரங்கு ரிஸ்வானின் பொறுப்பு. சென்ற முறை வந்த விருந்தினர் பேசி முடித்து, "கேள்விகள் உண்டா?" என்றபோது மின்விசிறிச் சத்தம்தான் பதிலாக வந்தது. பாவம், அந்த மனிதரின் முகம் சுருங்கிப்போயிற்று. பேச்சு முடியும் நேரத்தில், டீ தாமதமாகிறதே என்று முன்வரிசையில் இருந்த மாணவி சுகுணாவைக் கேன்டீனுக்கு விரட்டி, சூடாக வரவழைத்து வைத்திருந்தான் ரிஸ்வான். தேவேந்திரன் அந்த டீயைத் தொடவேயில்லை.

"கடல் தாண்டி வந்தவரை ஒரு கேள்வி கேக்க நம்மகிட்ட ஆள் இல்லையா? இன்னொரு தடவை இப்படி நடந்தா கருத்தரங்கும் வேண்டாம், அதுக்கு ஒரு பொறுப்பாளரும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டார்.

ரிஸ்வான் ஒப்பந்த விரிவுரையாளன். வேலை போனால் வாப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டியதுதான். கடை நல்ல கடை. ஆனால் அவனுக்குப் பாடம் நடத்தத்தான் பிடிக்கும்.

அதனால் இந்த முறை முன்னேற்பாடு செய்திருந்தான். சென்னைப் பேராசிரியர் பேசவிருந்தது ஆட்கள் காத்து நிற்கும் வரிசைகளின் கணக்கைப் பற்றி. இறுதியாண்டு மாணவிகள் சுகுணாவுக்கும் ஷமாவுக்கும் ஆளுக்கொரு கேள்வியை மனப்பாடம் செய்வித்தான். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சுகுணா எழ வேண்டும்; திரும்ப மாட்டினால் ஷமா. இதைக் கேட்டு சுகுணா ஏனோ சிரித்தாள்.

இப்போது பேச்சாளரே இல்லை. சக விரிவுரையாளர் கணபதியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவர் எப்போதும் தயார்தான். ஆனால் பகா எண்களைத் தவிர வேறெதைப் பற்றியும் பேச மாட்டார்.

மாணவிகளுக்கு, "கேள்வி வேண்டாம்" என்று செய்தி அனுப்பினான். போய்ச் சேரவில்லை. கருத்தரங்கில் போனை அணைத்துவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவனும் அவனேதான். நேரில் போய்ச் சொல்லலாம் என்றால், மேடையில் பக்கத்து நாற்காலியில் தேவேந்திரன். அவர் மடியில் யாருக்கும் போர்த்தாத பொன்னாடை.

கணபதி பேச்சின் பாதி வழியில் இருந்தபோது கரண்ட் போயிற்று. வியர்த்துக் கொட்டவே, ரிஸ்வான் தன்னை மறந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

சுகுணா எழுந்தாள். "சார், கப்பல் டிக்கெட்டுக்கு ரெண்டாவது கவுண்டர் திறந்தா, காத்திருக்கிற நேரம் பாதியா குறையுமா?"

கணபதி கரும்பலகையைப் பார்த்தார், சுகுணாவைப் பார்த்தார். ரிஸ்வான் பதறிப்போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

ஷமா எழுந்தாள். "நடுவுல புகுர்றவங்களையும் கணக்குல சேத்துக்கணுமா சார்?"

ரிஸ்வானுக்குப் பாத்திரக் கடையின் கல்லாப்பெட்டி கண்ணில் தெரிந்தது. ஆனால் கணபதி சாக்பீஸைக் கீழே வைத்தார். சென்ற வாரம்தான் சென்னைக் கப்பலுக்கு வரிசையில் நின்று நொந்துபோய் வந்தவர் அவர்.

"பகா எண் எங்கயும் ஓடிடாது. முதல்ல இதைப் பேசுவோம்," என்றார்.

கதவோரம் நின்ற அலுவலக உதவியாளர் ஒச்சம்மாவுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "லைன்ல பாதி செருப்புதான் சார் நிக்குது. ஆளு வீட்டுல சோறு திங்குது. அந்தச் செருப்பையும் ஆளா கின்தி பண்ணி எண்ணுவீங்களா?"

அவ்வளவுதான். இந்தத் தீவில் கப்பல் டிக்கெட்டுக்காக நின்று மனம் புண்படாதவர் யார்? தமிழும் இந்தியுமாக ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் தேவேந்திரனே பலகைக்குப் போய்ச் செருப்புகளை வரைந்து, விவாதத்தில் இறங்கிவிட்டார்.

முடிந்ததும் பொன்னாடையைக் கணபதிக்குப் போர்த்தி, ரிஸ்வானின் தோளைத் தட்டினார். "கருத்தரங்கு நடக்கட்டும், நீங்களே நடத்துங்க. பிள்ளைங்க தானாவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க பாத்தீங்களா," என்றார்.

ரிஸ்வானுக்கு நெஞ்சு உறுத்தியது. சுகுணாவைத் தனியே நிறுத்தி நன்றி சொன்னான். கேள்வியைச் சொல்லிக்கொடுத்த விஷயம் மட்டும் தலைவருக்குத் தெரிய வேண்டாம், அவருக்கு இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் ஆகாது என்று கேட்டுக்கொண்டான்.

"எனக்கு இதைப் பழக்கினதே அவர்தான் சார்," என்றாள் சுகுணா. "போன தடவையும் கேள்வி சொல்லிக் குடுத்து, முன்வரிசையில உக்கார வச்சிருந்தாரு. கேக்குற நேரத்துல நீங்கதான் என்னை டீ வாங்க அனுப்பிட்டீங்க."