கேட் கம்ப்யூட்டரை நிறுத்தும் அதிகாரம்

எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஒரு கண்டெய்னர் யார்டு இருக்கிறது. பெயரைச் சொன்னால் என் மேல் கேஸ் போடுவார்கள். அங்கே லாரி உள்ளே போக கேட் பாஸ் வேண்டும். கேட் பாஸை ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டர்தான் அடித்துத் தரும். ஒரு வெள்ளிக்கிழமை அது மக்கர் பண்ணியது. லாரி வரிசை விம்கோ நகர் வரை நின்றது.

வரிசையில் முதல் ஆள் ராயபுரம் டெரிக். வண்டி நிறைய அவனுடைய சொந்த இறால். சாயங்காலம் கப்பல். குளிர்பெட்டி மோட்டாருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது.

"கவலப்படாதப்பா, நிறுத்திப் போட்டா சரியாயிடும்" என்றார் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளும் ராமதாஸ். சும்மா ஒயரைப் பிடுங்கினால் உள்ளே உள்ள பதிவுகள் நாசமாகிவிடும். முறைப்படி கட்டளை கொடுக்க வேண்டும். 'பத்து நிமிடத்தில் நிறுத்தப்படும், வேலையைச் சேமித்துக்கொள்ளவும்' என்று எல்லார் திரையிலும் அறிவிப்பு வரும்; பிறகு அதுவே நின்று, அதுவே எழுந்துகொள்ளும். இதற்கு 'ரூட்' என்ற தலைமை அதிகாரம் தேவை. அது ராமதாஸிடம் மட்டும் இருந்தது. கட்டளை கொடுத்தார்.

பொது மேலாளர் சுப்பராயன் திரையில் அறிவிப்பு வந்ததுதான் தாமதம், ராமதாஸுக்கு அழைப்பு வந்தது.

"எனக்கே கெடு வைக்கிறீரா? யார் கொடுத்த அதிகாரம்?"

"ரூட் சார். சிஸ்டத்துல அதுதான் எல்லாருக்கும் மேல."

"எனக்கும் மேலயா?"

ராமதாஸுக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா சார்."

நிர்வாக ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டு, பொது மேலாளருக்கு அந்தக் கணமே ரூட் அதிகாரம் வழங்கப்பட்டது. அதைக் கொண்டு அவர் ராமதாஸின் கட்டளையை ரத்து செய்தார். பிறகு அதே கட்டளையைத் தாமே கொடுத்தார்.

அறிவிப்பு உதவி மேலாளர் ரூபினாவின் திரைக்குப் போயிற்று. "என்னைக் கேக்காம எப்படி நிறுத்துவீங்க? கணக்குப் பிரிவுன்னா இளிச்சவாயங்களா?" அவருக்கும் அதிகாரம் வழங்கப்பட்டது. ரத்து செய்தார். தாமே மறுபடி கொடுத்தார். அப்புறம் யூனியன் கேட்டது, செக்யூரிட்டி கேட்டது, கேன்டீனும் கேட்டது. எல்லாரும் வாங்கினார்கள், எல்லாரும் ரத்து செய்தார்கள். நிறுத்த உரிமை பெற்றவர் பலர். அடுத்தவரை நிறுத்தவிட்டவர் ஒருவருமில்லை.

டெரிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். "இன்னா சார் இது? எறா நாறப் போவுது! ஒரு பொட்டிய நிறுத்திப் போட இம்மாம் பேஜாரா?"

"பொதுமக்களின் பங்களிப்பை வரவேற்கிறோம்" என்றார் சுப்பராயன். வாடிக்கையாளர் பிரதிநிதி என்ற வகையில் டெரிக்குக்கும் ரூட் அதிகாரம், ஒரு திரை, சுழலும் நாற்காலி, ஒரு டீ வழங்கப்பட்டன.

அதற்குள் எல்லாருக்கும் கை ஓய்ந்துவிட்டது. ராமதாஸே கொடுக்கட்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. கொடுத்தார். நிமிடங்கள் ஓடின. யாரும் ரத்து செய்யவில்லை. ராமதாஸுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

இன்னும் ஒரு நிமிடம் என்ற அறிவிப்பு டெரிக்கின் திரையில் வந்தது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"யோவ் ராமதாஸு, நான் ஒர்த்தன் இங்க குந்திகினு கீறேன். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

ரத்து செய்தான்.

வெளியே டீசல் தீர்ந்து குளிர்பெட்டி மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக நாற்றம் உள்ளே வந்தது. டெரிக் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு செக்யூரிட்டியைக் கூப்பிட்டான்.

"இன்னாபா இந்தக் கப்பு? எவன் வண்டி அது? மொதல்ல கேட்டாண்டேர்ந்து எடுக்கச் சொல்லு!"