பின்னால் ஏதாவது வந்துவிட்டால்?

மனிதர்களில் ‘எதற்கும்’ ரகம் என்று ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. புதிதாக ஒரு பொருளைக் காட்டினால் விலை கேட்கமாட்டார், பயன் கேட்கமாட்டார், இரண்டடி பின்வாங்கி, “இதனால ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களா?” என்பார்.

எங்கள் நுகர்பொருள் பாதுகாப்பு அலுவலகத்தின் மேலதிகாரி இந்த ரகத்தின் அசல் மாதிரி. ‘எதற்கும் சார்’ என்றே பெயர். வேலையில் புலி. குழந்தைகள் கடித்துத் துப்பும் பொம்மையின் சாயத்தில் சந்தேகம் எழுந்த அன்றே, அதைக் கடைகளிலிருந்து எடுக்கவைத்தவர். எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியான நான், படித்தால் இப்படியல்லவா படிக்க வேண்டும் என்று பூரித்துப்போனேன். ஆனால் அதே மனிதர், அலுவலகத்துக்கு வந்த புது நாற்காலியை, வார்னிஷ் வாடை போகட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் நிறுத்திவிட்டு, கால் ஆடும் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, வாரம் தவறாமல் விழுந்துகொண்டிருந்தார். புதியதெல்லாம் குற்றவாளி; பழையதெல்லாம் சொந்தக்காரன். அவ்வளவுதான் சட்டம்.

ஒரு கையெழுத்துக்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் குழாயடியில் அவர் மனைவி போர்வை பிழிந்துகொண்டிருந்தார்; சார் பக்கத்தில் நின்றிருந்தார். அம்மாள் அவரிடம் கையை நீட்டினார்.

“மணிக்கட்டு எப்படி வீங்கியிருக்கு பாருங்க. பிழியவே கூடாதுன்னுட்டார் டாக்டர். ஒரு வாஷிங் மெஷின் வாங்கினா என்ன?”

“அந்த அதிர்வு உடம்பை ஒண்ணும் பண்ணாதுன்னு நிச்சயமா தெரியுமா? பின்னால ஏதாவது வந்துட்டா?”

“அப்போ உங்க வென்னீர் ஹீட்டர்? வயர் பூரா டேப்பு. தொட்டா தூக்கி அடிக்குது!”

“அது நமக்குப் பழகின ஷாக்டி.”

அம்மாள் போர்வையைத் தொப்பென்று வாளியில் போட்டார்.

“சரி. உங்ககூட குடித்தனம் பண்ணினா ஒண்ணும் ஆகாதுன்னு யாராவது நிரூபிச்சிருக்காங்களா?”

“இத்தனை வருஷமா பண்ணலையா?”

“பண்ணினதாலதான் கேக்கறேன். நீண்டகாலப் பாதிப்பு இப்பத்தான் தெரியுது. நிரூபிச்சுட்டு உள்ள வாங்க. அதுவரைக்கும் துணி உங்க பொறுப்பு.”

அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது.

எதற்கும் சார் என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். போர்வையை எடுத்து முறுக்கினார். பாதியிலேயே மூச்சு வாங்கியது.

“தம்பி, மெஷின் கடை இன்னிக்குத் திறந்திருக்குமா?”

“எதுக்கும் ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாமே சார்?”

“யோவ், அதுக்குள்ள என் கை என்னய்யா ஆகறது?”

சிரிப்பு வருகிறதா? வந்தும், எதற்கும் முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சிரித்துக்கொள்ளலாம் என்று அடக்கிவைத்திருக்கிறீர்களா? அப்படியானால் ஐயா, உங்கள் வீட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் உள்பக்கம்தான்.