உள்ளேயிருந்து தட்டிய ஹீட் பம்ப்

கருவி கையில் இருக்கும் பயந்தாங்கொள்ளி, வெறும் பயந்தாங்கொள்ளியைவிட ஆபத்தானவன். அவனிடம் ஆதாரம் இருக்கும். நான் அப்படி ஆதாரத்தோடு நின்ற இடம், ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையின் விருந்தினர் விடுதி.

வேலூரில் ஒரு ஹீட் பம்ப் கம்பெனியில் தற்காலிக டெக்னீஷியனாக இருந்தேன். சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் இயந்திரம் அது. இழுப்பது குழாய்க்குள் சுற்றும் கேஸ். மறுநாள் காலை விடுதிக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள், வெந்நீர் வரவில்லை. சரிசெய்தால் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். (செய்யாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

விடுதிப் பொறுப்பாளர் நசீர் பாய் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். சித்திரை மாத மதியம். ஆள் நடமாட்டம் இல்லை. இயந்திரத்தின் குழாயில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது.

"இன்னா சார் இது, இந்த வெயில்ல ஐஸு? பார்த்தாலே பேஜாரா இருக்குது."

"கேஸ் கம்மி, பாய்," என்றேன். பனி என்றால் கேஸ் குறைவு. நான் ஒழுங்காகப் படித்திருந்த ஒரே பாடம்.

முறைப்படி, உள்ளே இருக்கும் கேஸை வெளியே எடுத்து எடைபோட்டு, இயந்திரத்தில் பொறித்திருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். என்னிடம் இருந்தது கசிவைக் கண்டுபிடிக்கும் புதுக் கருவி. கேஸ் பட்டால் டிக் டிக் என்னும். நெருங்க நெருங்க வேகமாகும்.

இயந்திரத்தின் அருகே அது பேசவே இல்லை. விலகி நடந்தபோது டிக் என்றது. விலக விலக வேகம் கூடியது. மூலையில் பூட்டியிருந்த அறையின் சாவித்துவாரத்தில் அலறியது. சட்டென்று நின்றது. பிறகு மெதுவாகத் தொடங்கி மறுபடி அலறியது. உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல, சீராக.

"உள்ள யாரு பாய்?"

"யாரும் இல்ல சார்."

"முன்னாடி?"

நசீர் பாய் தொப்பியைச் சரிசெய்தார். "தோலுக்குப் பூச்சு அடிக்கிற ஸ்பிரே மாஸ்டர் ஒருத்தர் தங்கியிருந்தார். உடம்பு முடியாம மௌத்தாய்ட்டார். நல்ல மனுஷன்." (கடைசி இரண்டு வார்த்தைகளைக் கதவுக்குக் கேட்கும்படி சொன்னார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.)

அறையைத் திறந்து கசிவைத் தேடுவது என் தொழில். திறக்காமல் இருப்பது என் விருப்பம். கசிவு உறுதி என்று நானே தீர்ப்பெழுதி, சிலிண்டரை மாட்டிக் கேஸ் ஏற்றினேன். பனி உருகவில்லை. இன்னும் ஏற்றினேன்.

அப்போதுதான் கேட்டது. டக். டக். டக். இரும்பை விரல் முட்டியால் தட்டுவதுபோல.

"மாஸ்டர், இதோ தொறக்குறேன்!" என்று சாவியை எடுத்தார் நசீர் பாய்.

"தொறக்காதீங்க பாய்!" என்று கத்தி அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். (அவர் என் தோள் உயரம்.)

கதவு திறந்தது. ஒரு கட்டில், திறந்த ஜன்னல். வேறொன்றும் இல்லை. தட்டல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது, இயந்திரத்துக்குள்ளிருந்து. திரும்பிப் பார்த்தோம். நின்றுவிட்டது. அதன்பிறகு அந்த இயந்திரம் எந்தச் சத்தமும் போடவில்லை.

மறுநாள் வந்த சீனியர் இன்ஜினியர், இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து பழுப்பாக ஒரு போர்வையை உரித்தெடுத்தார். தோல் தேய்க்கும் பிரிவிலிருந்து பறந்து வந்து படிந்த தூசி. அது காற்றை அடைத்ததால்தான் பனி. கேஸ் சரியாகத்தான் இருந்தது, நான் போகும்வரை. மிஞ்சிய கேஸ் திரவமாகவே, கேஸை அழுத்தும் கம்ப்ரஸருக்குள் பாய்ந்து, டக் டக்கென்று அதை அடித்தே கொன்றிருந்தது. அறையின் ஜன்னலுக்கு நேரே ஸ்பிரே மெஷினின் எக்ஸாஸ்ட் ஃபேன், விட்டு விட்டு ஓடும். தோலுக்கு அடிக்கும் பூச்சின் தின்னர் வாடைக்கும் என் கருவி கத்துமாம்.

வியாபாரிகள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். என் வேலை போனது.

நசீர் பாய் இன்ஜினியரை நம்பவில்லை. வேலூர் ஆள் ஒருவர் மெஷின் வைத்து மாஸ்டரைக் கண்டுபிடித்தார் என்ற செய்தி பேரணாம்பட்டு வரை போய்விட்டது. இப்போது சொந்தமாக ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறேன். ஆனாலும் தங்கள் வீட்டில் செத்துப்போன யாரோ இருப்பதாக யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனை என் மனைவிதான் பிடுங்குவாள்.

"வருவாருங்க. பகல்லதான் வருவாரு. கூட நானும் வரணும், தனியா அனுப்பினா அழுவாரு."