தாசில்தார் தின்ற கொழுக்கட்டை

ஆரணியில் மனிதர்களைத் துளியும் மதிக்காத ஒரே ஆள், எங்கள் நெசவாளர் தெரு டீக்கடைக்காரர்தான். எல்லோருக்கும் அவர் 'பொறை'. காலையில் கடை திறந்ததும் முதல் பொறை ரொட்டி தெருநாய்களுக்கு. அவை தின்று முடித்த பிறகுதான் நமக்கு டீ. "எனக்கும் ஒரு பொறை குடுங்க" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உனுக்கு வாலு கீதா?" என்றார்.

நாய்களுக்குப் பதவியும் உண்டு. கடை வாசலை விட்டு அசையாமல், யார் வந்தாலும் ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்க்கும் கிழட்டு நாய்க்குத் 'தாசில்தார்' என்று பெயர்.

பொறைக்கு ஜென்ம விரோதி ஊமத்தைச் செடி. அவர் வளர்த்த குட்டி ஒன்று அதன் காயைக் கடித்துச் செத்துப்போனதாம். அதிலிருந்து மாலையானால் கடப்பாரையோடு கிளம்பிவிடுவார். குப்பைமேடு, ஆற்றங்கரை, அடுத்தவர் கொல்லை என்ற பேதமே கிடையாது. "யாரக் கேட்டுய்யா உள்ள வந்தே?" என்று அதட்டினால், "நாயக் கேட்டு வந்தேன்" என்பார்.

விளைவு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விநாயகர் சதுர்த்திக்குப் பூஜையில் வைக்க ஊரில் ஊமத்தையே இல்லை. தெருப் பிள்ளையாருக்குப் பொறுப்பாளரான தறி மேஸ்திரி கடைக்கே வந்து குதித்தார்.

"சாமி காரியம்யா! தெருவே பேஜாராப் பூடும்!"

"புள்ளையார் கோச்சிக்கினா என்கிட்ட அனுப்பு. பொறை குடுத்து அனுப்பறேன்."

மேஸ்திரி விடுவாரா? தேசூரிலிருந்து பஸ்ஸில் ரகசியமாக ஊமத்தை வரவழைத்தார். சும்மா முளைக்கிற செடி பஸ் ஏறி ஊருக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

பூஜை முடிந்து வாடிய மாலை, ஊமத்தங்காய், மிச்சக் கொழுக்கட்டை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோயிலுக்குப் பின்னால் கொட்டினார்கள். தாசில்தாருக்குக் கொழுக்கட்டை என்றால் உயிர். பொறுக்கித் தின்னப் பொறுமை ஏது? ஊமத்தங்காயோடு அப்படியே விழுங்கியிருக்கிறார்.

மறுநாள் காலை தெரு நீளத்துக்கு மேஸ்திரியின் பட்டுப்பாவு இழுத்துக் கட்டியிருந்தது. கல்யாணப் புடவைகள் நெய்ய நீளவாக்கில் இழுத்த பட்டு நூல். நாய் பக்கத்தில் வந்தாலே கல் பறக்கும். தாசில்தார் நாங்கள் அறிய முதன்முறையாக ஓடிவந்தார். கண் விரிந்து, கால் பின்னி, இல்லாத எதையோ பார்த்துக் குரைத்தபடி நேராகப் பாவில் விழுந்தார். உருள உருளப் பட்டிழை கழுத்தை இறுக்கியது.

"ஐயோ, ஊமத்த தின்னுகிது!" என்று அலறிக்கொண்டு பொறை ஓடிவந்தார். இழையை ஒவ்வொன்றாக விலக்கப் பார்த்தார். பாவை அறுக்க யாருக்கும் துணிவில்லை. எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.

மேஸ்திரி கத்தரிக்கோலோடு வந்தார்.

"இன்னாத்துக்கு நோண்டிகினு இருக்கே? நகரு. அந்த ஊமத்தயக் கொண்டாந்தவனே நான்தான்யா" என்றவர், பாவைக் குறுக்காக வெட்டித் தள்ளினார். "ஜல்தி! மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கு!"

தாசில்தார் பிழைத்தார். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து ஒரு பகல் முழுக்கக் குரைத்துவிட்டு, மீண்டும் கடை வாசலில் படுத்து ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

மறுநாள் காலை மேஸ்திரி தலையைக் குனிந்தபடி கடை ஓரமாக வந்து நின்றார். பொறை அடுப்பை விட்டு நகர்ந்து வந்தார். கண்ணாடி ஜாடியைத் திறந்து முதல் பொறையை எடுத்து மேஸ்திரியின் கையில் வைத்தார். பிறகுதான் நாய்களுக்கு.

எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனாலும் ஆரணியில் இருந்தவரை வேறு கடையில் நான் டீ குடித்ததில்லை.