எனக்கு நடந்த அஞ்சலிக் கச்சேரி

பாட்டுக்காரன் என்னிடம் மைக்கில் மன்னிப்புக் கேட்கும்வரை டிரம்ஸைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்தவன் நான். மைக்கில்தான் கேட்க வேண்டும். ஏனென்றால் அவன் மைக்கில்தான் பழி போட்டான்.

எங்களுடையது நாலு பேர் ராக் குழு. எங்கள் பெரிய பாட்டில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். நான் குச்சியோடு குச்சி தட்டி நாலு எண்ணுவேன். நாலாவது தட்டுக்குப் பிறகுதான் அவன் பாட வேண்டும். கடைசிக் கச்சேரியில் மூன்றிலேயே பாய்ந்துவிட்டான். பாட்டு கந்தலாகிவிட்டது. கூட்டம் சிரித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "டிரம்ஸ் தப்பு" என்று மைக்கில் சொன்னான்.

குச்சியைப் போட்டுவிட்டு இறங்கினேன். லேத் பட்டறை வேலைக்குப் போனேன். டிரம்ஸைப் பின்னறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது. பாட்டுக்காரன் பெரிய ஆளாகிவிட்டான். மற்ற இருவரும் செத்துவிட்டார்கள். அவர்கள் மேலும் எனக்கு வருத்தம்தான். ஒரு வார்த்தை சாட்சி சொல்லிவிட்டுச் செத்திருக்கலாம்.

இப்படி இருக்கும்போதுதான் தெருமுனையில் அந்தப் போஸ்டரை ஒட்டினார்கள். எங்கள் நாலு பேர் முகமும் அதில் இருந்தது. எங்களைப் போலவே உடுத்திக்கொண்டு எங்கள் பாட்டுகளையே வாசிக்கிற ஒரு குழுவாம். மேலே பெரிய எழுத்தில் 'அஞ்சலி' என்று போட்டிருந்தது. கீழே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சேரி என்று.

"அஞ்சலின்னா செத்தவங்களுக்குத்தானே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பெரும்பாலும் அப்படித்தாங்க."

"நான் உயிரோட இருக்கேனே!"

"அது எனக்குத் தெரியும். போஸ்டர் அடிச்சவனுக்கு எப்படித் தெரியும்? நீங்க நாலு இடம் போயிட்டு வந்தாத்தானே?"

"அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன். நீயும் போகக்கூடாது."

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? ஞாயித்துக்கிழமை நான் எப்பவும்போல அக்கா வீட்டுக்குப் போறேன்."

அந்த வாரம் மனசு கேட்காமல் பின்னறையைத் திறந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. அதன் துருகூட அப்படியே இருந்தது. ஆனால் உள்ளே டிரம்ஸ் மேல் தூசி இல்லை. இத்தனை வருஷத்துத் தூசி கதவு திறக்காமல் எங்கே போகும்? நான் உட்காரும் முக்காலி ஒரு சாண் தாழ்ந்திருந்தது. பித்தளைத் தட்டு தொடுவாரில்லாமல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்துப் பிடித்தேன். நின்றது. விரலை எடுத்தேன். இப்போது விரல் நடுங்கியது.

"உள்ளே யாரோ இருக்காங்க" என்றேன் மனைவியிடம். "பக்கத்து வீட்டுத் தையல்காரரும் சொல்றார். மத்தியானமானா சுவருக்குள்ளேருந்து தட்டுற சத்தம் கேக்குதாம்."

"எலியா இருக்கும்."

"எலி தாளம் தப்பாம தட்டுமா?"

"நம்ம வீட்டு எலிங்க. வேற எப்படித் தட்டும்?"

ஒரு முடிவுக்கு வந்தேன். கச்சேரிக்கு ரகசியமாகப் போவது, அந்தப் பாட்டு வந்ததும் எழுந்து நின்று உண்மையைக் கத்திவிடுவது. பட்டறையில் அவசர வேலை என்று அவளிடம் சொன்னேன். "பார்த்து நிதானமா வாங்க" என்றாள். அவ்வளவு அன்பாக அவள் என்னை அனுப்பிவைத்ததே இல்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வெளியே மத்தியான வெயில். அரங்கத்துக்குள்ளே கிணற்றுக்குள் இறங்கினாற்போல் இருட்டு. டிக்கெட்டை வாங்கிக் கிழித்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்துக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் தன் பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"சார், நான் இருக்கேன்" என்றேன்.

"அடடா! காலி சீட்டுன்னு நினைச்சேன். இன்னும் கண்ணுக்குச் சரியாத் தெரியல" என்று என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

மேடையில் புகை எழுந்தது. புகைக்குள்ளிருந்து எங்கள் குழு வந்தது. செத்துப்போன கித்தார்காரன் வந்தான். அவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவன் நான். அவன் முன்னால் வந்து இருட்டுக்குள் என்னைத் தேடிப் பிடித்துக் கண்ணடித்தான்.

கடைசியாக டிரம்ஸுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது நான்.

அதே நீளமுடி. அதே தொங்கு மீசை. வட்டக் கறுப்புக் கண்ணாடி. சட்டை என்னுடையதைப் போன்றது அல்ல, என்னுடையதேதான். முழங்கையில் சிகரெட் சுட்ட ஓட்டைவரை அப்படியே இருந்தது. சரி, சட்டையை யாராவது திருடலாம். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அது குச்சிகளைத் தொடையில் துடைத்தது. நாக்கு நுனியை இடது ஓரத்தில் கடித்தது. வலது காதைப் பாட்டுப் பக்கம் சாய்த்தது. இதெல்லாம் எந்தப் படத்திலும் கிடையாது. எனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த சேட்டைகள்.

பெரிய பாட்டுக்கு முன்னால், "சிறப்பு விருந்தினர்" என்று அறிவித்தார்கள். பாட்டுக்காரனேதான். கிழவனாகிவிட்டான். மூக்குக்கண்ணாடி பாட்டில் அடிபோலத் தடித்திருந்தது. ஒருவர் கையைப் பிடித்து மேடை ஏற்றிவிட்டார்.

நான் கத்த எழுந்தேன். மேடை விளக்கு ஒன்று சுழன்று வந்து என் மேல் விழுந்தது. மேடையில் இருந்த நான் என் பக்கம் திரும்பி, குச்சியை மெதுவாகக் கீழே தாழ்த்திக் காட்டியது. உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்துவிட்டேன். என்னை அப்படிச் சைகையில் உட்காரவைக்க உலகத்தில் ஒருவரால்தான் முடியும் என்பது அந்தப் பயத்தில் புத்திக்கு எட்டவில்லை.

பாட்டு நடந்தது. அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. டக். டக். டக்.

மூன்றிலேயே பாய்ந்துவிட்டான்.

டிரம்ஸ் அசையவில்லை. குச்சி அந்தரத்தில் நின்றது. அவன் குரல் தனியாக ஓடிப்போய்த் தடுக்கி விழுந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதிக்குள் நாலாவது தட்டு விழுந்தது. டக்.

பாட்டுக்காரன் மெல்லத் திரும்பினான்.

"டேய்... நீயாடா?" மைக்கில் அவன் குரல் நடுங்கியது. "நீயேவா வந்து வாசிக்கிறே? அன்னிக்கும் நான்தான்டா முந்திட்டேன். பழியை உன் தலையில போட்டுட்டேன். என்னை மன்னிச்சிருடா."

என் ஆயுளெல்லாம் காத்திருந்த வார்த்தை. மைக்கில்! ஆயிரம் பேர் முன்னால்! மேடையில் இருந்த நான் எழுந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னது: "போனது போகட்டும் விடுடா. மன்னிச்சிட்டேன்."

"மன்னிக்காதே! மன்னிக்காதே!" என்று அலறினேன்.

"யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து ஆள் தன் மனைவியிடம்.

ஓடி வந்துவிட்டேன். வீட்டில் எல்லா விளக்கையும் போட்டேன். கண்ணாடியில் என் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. ஆனால் அது யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாற்காலியில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்துகொண்டேன். பொழுது சாயும்போது மனைவி வந்தாள்.

"ஏங்க, எதுக்கு எல்லா லைட்டும் எரியுது?"

"நான் செத்துட்டேன்னு நினைக்கிறேன்."

"சாப்பிட்டீங்களா?"

"செத்துட்டேங்கிறேன்!"

"அதுக்குத்தான் கேக்குறேன். பசிச்சா உயிரோட இருக்கீங்க."

எல்லாவற்றையும் கொட்டினேன். "என் ஆவி அவனை மன்னிச்சிடுச்சு! என்னை ஒரு வார்த்தை கேக்காம!"

அவள் எதிரே உட்கார்ந்தாள். அவள் மேலுதட்டு ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அது என்ன?"

தடவிப் பார்த்தாள். பிய்த்து மேசைமேல் வைத்தாள்.

"உங்க மீசை."

இடுப்பைத் தடவிப் பார்த்தேன். "பூட்டு... சாவி என் இடுப்புல இருந்துதே?"

"பூட்டுக்குத்தாங்க சாவி வேணும். கதவுக் கீலுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும். பட்டறைக்காரர்னு பேரு, ஒரு நாளாவது கீல் பக்கம் பார்த்தீங்களா?"

"யார் கத்துக்கொடுத்தது?"

"கல்யாணம் ஆன நாளா சாப்பாட்டு மேசையில ரெண்டு கரண்டியை வச்சு வாசிக்கிறது யாரு? அந்த அஞ்சலிக் குழுக்காரங்க டிரம்ஸுக்கு ஆள் தேடினாங்க. உங்களைக் கேட்டா சபதம்பீங்க. நான் போயிட்டேன்."

"அப்போ ஞாயித்துக்கிழமை அக்கா வீடு?"

"அக்காதான் கித்தார். கண்ணடிக்காதேன்னு சொன்னேன், கேட்டாளா?"

ஆவி பயம் போய்விட்டது. கோபம் வந்தது. "அவனைக் கூப்பிட்டுச் சொல்லு. மேடையில இருந்தது நான் இல்லை, நான் அவனை மன்னிக்கலைன்னு சொல்லு!"

"தாராளமாச் சொல்றேன். ஆனா மேடையில இருந்தது நீங்க இல்லைன்னா, அவர் மன்னிப்புக் கேட்டதும் உங்ககிட்ட இல்ல. அதுவும் செல்லாது. பரவாயில்லையா?"

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். "அப்போ அது நானாவே இருக்கட்டும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாட்டுக்காரன்தான். அழுதுகொண்டிருந்தான்.

"டேய், நீதானா?"

"நான்தான்டா" என்றேன், கூடுமானவரை என் மனைவியின் கரகரப்பில்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டியே? அந்தக் காலத்துல நீ இவ்வளவு நல்லா வாசிச்சதே இல்லடா."