புல்லட் மேடமும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும்

எஞ்சினுக்கும் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் உண்டு என்று தீர்மானித்த மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் புல்லட் மேடம்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் நான் படித்த பெண்கள் கல்லூரியில் அவர் தாவரவியல் பேராசிரியை. விடுதிக்கு வார்டனும் அவரே. புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெளிநாட்டில் குடியேறிய பழைய மாணவி ஒருத்தி, உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்றைத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தாள். குட்டி டிராக்டர் மாதிரி சிவப்பாக வந்து இறங்கியதைத் தொடவே எல்லோரும் பயந்தபோது, மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். புல் வெட்டும் மேடம் அன்றே புல்லட் மேடமானார். காலையில் வகுப்பில் புல்லின் குடும்பப் பெருமையைப் பேசுவார். சாயங்காலம் அந்தக் குடும்பத்தையே கருவறுப்பார்.

உண்மையில் கருவறுத்தது கொஞ்சம்தான். வண்டி ஓடிய நேரத்தைவிடப் பிரித்துக் கிடந்த நேரம் அதிகம். மேடம் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்காரர். பழைய வேட்டியை விரித்து, திருகாணி, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் அப்பளம் காயப்போடுவதுபோலப் பரப்புவார். ஆயில் பார்க்கும் குச்சியை உருவி, விரலில் தொட்டு முகர்ந்து, ரசத்தில் உப்புப் பார்க்கிற முகத்தோடு நிற்பார்.

"போன வெள்ளிதான மேடம் ஆயில் மாத்துனீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏட்டி, நீ போன வெள்ளி எண்ணெய் தேச்சுக் குளிச்சல்லா? அதுக்காவ இந்த வெள்ளி குளிக்காம இருக்கியா?"

"ஆம்பளைங்க சனிக்கிழமைல்லா மேடம் குளிப்பாங்க? இது எதுன்னு..."

"இம்புட்டு வேலையையும் செஞ்சிட்டு, வாயத் தொறக்காம ஓரமா நிக்குதே. இது ஆம்பளையாட்டி?"

இந்த வைத்தியத்துக்கிடையே மைதானத்துப் புல் முழங்காலைத் தொட்டது. ஹாக்கி கோலுக்குப் பின்னால் கீரிப்பிள்ளை ஒன்று குட்டி போட்டுக் குடும்பமே நடத்தியது. முதல்வரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், இது புல்லு வெட்டுததுக்கு வந்த வண்டியா, ஆஸ்பத்திரில படுக்கப் போடவா? விளையாட்டு விழாவுக்குக் கலெக்டர் வாராரு. அணிவகுப்புக்கு முன்னால நீங்க இத ஓட்டிட்டு வரணும். அன்னைக்கு மட்டும் நின்னுச்சோ, மறுநாள் பழைய இரும்புக்காரன்தான்!"

மேடத்தின் முகம் விழுந்துவிட்டது. அன்று மெஸ்ஸில் சாம்பாரைக்கூட அவர் குறை சொல்லவில்லை. அப்போதுதான் எங்களுக்கும் பயம் வந்தது.

விழாவுக்கு முந்தின நாள் முழு மைதானத்தையும் வெட்டித் தள்ளினார். காய்ந்த புல் தூசி புகையாகக் கிளம்பியது. விழா அன்று காலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றப் போனவரை முதல்வரம்மா ஓடிவந்து தடுத்தார்.

"இப்பப் பிரிக்காதீய! ஒருநாள் தொடைக்காட்டா செத்தா போயிரும்?"

"மூக்க அடைச்சா யாரா இருந்தாலும் செத்துத்தான் போவாவ" என்று முணுமுணுத்தபடி மேடம் ஏறி உட்கார்ந்தார்.

பேண்டு முழங்க அணிவகுப்பு கிளம்பியது. மேடைக்கு நேர் எதிரே, கலெக்டர் எழுந்து நின்ற அந்தக் கணத்தில், வண்டி இருமியது, தும்மியது, நின்றது. பின்னால் வந்த கொடி பிடித்தவள் வண்டியில் மோத, அவள்மேல் நான் மோத, என்மேல் பி.காம். மொத்தமும் மோதியது.

மேடம் இறங்கினார். கைப்பையைத் திறந்தார். பவுடர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஸ்பேனரும் உப்புத்தாளும் வந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், சும்மாதான நிக்கீய? இங்கன கொஞ்சம் வாங்க."

கலெக்டர் வந்துவிட்டார்! அவர் உள்ளங்கையில் திருகாணிகளை வைத்தார் மேடம். ஃபில்டரைத் தட்டினார், தூசி முழுக்கக் கலெக்டரின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து நீட்டினார்.

"ஊதுங்க சார். பைய ஊதுங்க. எச்சி படக் கூடாது."

மாவட்டத்தையே ஆண்ட வாய், பிளக்கை ஊதியது. எல்லாவற்றையும் மாட்டி முடுக்கியதும் வண்டி சிங்கம்போல உறுமியது. நாங்கள் போட்ட கூச்சலில் பேண்டுக்காரர்கள் தாளம் தப்பினார்கள்.

மூக்கில் கரியோடு மைக்கைப் பிடித்த கலெக்டர், பெண் முன்னேற்றம் பற்றித் தயாரித்து வந்ததை விட்டுவிட்டு ஏர் ஃபில்டரைப் பற்றியே பேசினார். பிறகு, "இந்த வண்டிய இவ்வளவு நல்லா வச்சிருக்கறது யார் ஏற்பாடு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் முதல்வரம்மா. "வாராவாரம் பிரிச்சுத் தொடைங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்."

மேடம் வண்டியின் பானட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்து நான் ஊருக்குக் கிளம்பியபோது கருப்பட்டி சீசன். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் பார்த்த அப்பாவால் வர முடியவில்லை. மேடம் என் டிரங்குப் பெட்டியை வண்டியின் முன்னால் கட்டி, பிளேடைத் தூக்கி வைத்துவிட்டு, நடை வேகத்தில் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டினார். ரோடே சிரித்தது. நான் தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

பஸ் வரும்வரை அவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. அவர் அழுதாரா என்பது எனக்கும் கேட்கவில்லை.